லொறி எஞ்சினின் டப்பெற் கவர்: மாற்றுவதும் அழகாக்குவதும்

ஏ9 வீதியில் மாங்குளத்திலோ பரந்தனிலோ நிற்கும் பழைய லொறி ஒன்றின் கபினைச் சரித்துப் பாருங்கள். எஞ்சின் தலையில் வால்வுகளை மூடியிருக்கும் டப்பெற் கவர் என்ன நிறம் என்று சொல்ல முடியாது. கசிந்த ஒயிலில் கிரவல் புழுதி ஒட்டி, அது சூட்டில் காய்ந்து, அதன்மேல் மறுபடி ஒயில் கசிந்து, தடித்த கறுப்புத் தோலாக மூடிக்கிடக்கும். "ஒயில் எங்காலை வருது அண்ணை?" என்று கேட்டால் சாரதிக்கும் தெரியாது, மெக்கானிக் பாஸுக்கும் தெரியாது. எல்லா இடமும்தான் நனைந்திருக்கிறதே.

டப்பெற் கவருக்கு நிறம் அடிப்பதை இளந்தாரிகளின் எடுப்பு வேலை என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். கவர் சுத்தமாக, வழுவழுப்பாக, வெளிர் நிறத்தில் இருந்தால் ஒரு துளி கசிந்தாலும் அடுத்த நாளே கண்ணில் படும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. கீழே சொல்லப்போகிற நிறம், காஸ்கெற் (கவருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒயில் கசியாமல் வைக்கும் தக்கை அல்லது றப்பர்), போல்ற் எல்லாவற்றையும் இந்தக் கணக்கில்தான் தெரிவுசெய்திருக்கிறேன். பார்க்க வடிவாக இருப்பது அதோடு சேர்ந்து வருகிற இலாபம்.

எந்த எஞ்சின்களுக்கு இது பொருந்தும்

வன்னியில் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் புஷ்றொட் (வால்வுகளைத் திறக்கக் கீழிருந்து தள்ளும் கம்பி) வைத்த பழைய டீசல் எஞ்சின்கள். இசூசு எல்ஃபின் 4ஜேபி1 (2771 சி.சி.), மிற்சுபிசி கன்ரரின் 4டி31 (3298 சி.சி.), 4டி33 (4214 சி.சி.), டாட்டாவின் 497, 697 எல்லாம் இந்த வகை. டாட்டா எண்ணில் முதல் இலக்கம் சிலிண்டர் கணக்கு, பின்னால் வரும் 97 சிலிண்டரின் விட்டம் மில்லிமீற்றரில். 697 என்றால் ஆறு சிலிண்டர். சாமான் கடையில் இந்த எண்ணைச் சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கம்வரை சரியாகத் திறக்காததால், விற்றுவிட்டு வேறு எடுப்போம் என்றிருந்த பலர் இதே லொறிகளையே வைத்துக் காலம் ஓட்டினார்கள். அதனால் இவற்றைப் பார்த்துப் பராமரிக்கிற பழக்கமும் கூடியிருக்கிறது.

கொமன் ரெயில் (எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயால் டீசல் கொடுக்கும் முறை) வைத்த புது எஞ்சின்களில் இதைத் தனியாகச் செய்யப் போகாதீர்கள். அவற்றில் பலவற்றில் டீசல் பீச்சும் நொசில்களும் வயர்களும் கவருக்குள்ளேயே இருக்கும். டீசல் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். கழற்றிய குழாயைத் திரும்பப் பூட்டாமல் புதிது போடச் சொல்லும் எஞ்சின்களும் உண்டு.

எப்போது கையில் எடுப்பது

காலபோக அறுவடை மாசி, பங்குனியில் உச்சத்துக்கு வரும்போது லொறிக்கு இரவும் பகலும் நெல் ஏற்றம் இருக்கும். அப்போது கவரைக் கழற்றிவைத்துக்கொண்டு பெயின்ற் காயட்டும் என்று இருக்க முடியாது. மாரியில், கார்த்திகை மார்கழியில், மண்ணும் கிரவலும் ஏற்ற முடியாமல் லொறி சும்மா நிற்கும். ஆனால் அந்த ஈரக் காற்றில் அடித்த பெயின்ற் வெண்புகை படிந்ததுபோல் மங்கிவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பெயின்றின்மேல் படிவதால் வரும் வினை அது. சோளகக் காற்று வீசும் ஆனி, ஆடியிலோ புழுதி. எனக்குப் பிடித்த காலம் சித்திரை, வைகாசி: நெல் ஏற்றம் ஓய்ந்திருக்கும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு லொறியைக் கழுவிப் பூட்டி எடுக்கிற காலமும் அதுதான். மடு மாதாவின் ஓகஸ்ட் 15 திருவிழாவுக்குச் சனம் ஏற்றுகிறவர்கள் காற்று அடங்கிய விடியற்காலையில் பெயின்றை அடித்து முடிக்கவேண்டும்.

கழற்றும் முன் கசிவைப் பிடியுங்கள்

எஞ்சின் பின்பக்கம் ஒயில் வடிந்தால் உடனே "பின் சீல் போட்டுது, கியர்பெட்டி இறக்கவேணும்" என்று சொல்லிவிடுவார்கள். பெரிய செலவு. பல தடவை அந்த ஒயில் வருவது டப்பெற் கவரின் பின் மூலையிலிருந்து. எஞ்சின் தலையின் பின்பக்கத்தால் வழிந்து, கியர்பெட்டியோடு சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் போய்ச் சொட்டும். டீசல் தோய்த்த துணியால் கவரைச் சுற்றியும் பின்பக்கமும் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். பிறகு முகப்பவுடரைத் தூவி, லொறியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ரோச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்து கோடு போட்ட இடத்தின் மேல்நுனிதான் கசிவின் வாய்.

அடுத்தது பிரீதர். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு, கவரிலோ பக்கத்திலோ உள்ள குழாயால் வெளியேற வேண்டும். அந்த வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எவ்வளவு நல்ல காஸ்கெற் போட்டாலும் ஒயிலைத் தள்ளிக்கொண்டு வரும். எஞ்சின் சூடேறிய பிறகு, மெதுவாக ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து வாயின்மேல் சும்மா வையுங்கள். இலேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, புகை விட்டு விட்டு அடித்தால் பிரீதர் அடைப்பு, அல்லது வளையம் தேய்ந்திருக்கிறது. வளையம் போன எஞ்சினுக்கு டப்பெற் கவர் அலங்காரம் இப்போதைக்கு வேண்டாம்; காசைச் சேர்த்துவைத்துப் பெரிய வேலையைச் செய்யுங்கள்.

மாதக்கணக்கில் நின்ற லொறி என்றால் பிரீதர் குழாயின் வாயைக் குனிந்து பாருங்கள். குளவி மண்கூடு கட்டி அடைத்திருப்பது நம்முடைய பக்கத்தில் புதினமில்லை.

மாற்றுக் கவர் வாங்கும்போது

பழைய கவர் நெளியாமல், வெடிக்காமல் இருந்தால் அதையே திருத்தி நிறம் அடிப்பதுதான் என் முதல் ஆலோசனை. துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், அல்லது அலுமினியக் கவர் போல்ற் துளையோரம் வெடித்திருந்தால் மாற்றவேண்டும். வவுனியாவில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எஞ்சின் பிரித்து விற்பவர்களிடம் தேடலாம். ஆளை அனுப்பினால் பழைய கவரையும் கொடுத்து அனுப்புங்கள். போனில் படம் பார்த்து எடுக்கும் கவர் ஒன்றுபோலவே தெரியும், ஒயில் மூடி மட்டும் மறுமுனையில் இருக்கும். கபின் கீழே இறங்கியதும் ஒயில் ஊற்ற இடம் இருக்காது.

இரண்டையும் பக்கம் பக்கமாகக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். போல்ற் துளைகள், காஸ்கெற் பள்ளத்தின் அகலம், பிரீதர் வாயின் பருமன், குழாய் பிடிக்கும் பிறக்கெற்றுகள் எல்லாம் ஒத்துவர வேண்டும். பிறகு திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். பிரீதர் வாய்க்குக் கீழே ஒரு தடுப்புத் தகடு இருக்கும். வால்வுகளை அழுத்தும் றொக்கர்கள் அடித்துத் தெறிக்கும் ஒயில் நேரே பிரீதருக்குள் போகாமல் அதுதான் மறிக்கிறது. மினுங்கும் குரோம் கவர் என்று விற்கப்படும் சிலவற்றில் இந்தத் தகடே இராது. அதைப் பூட்டினால் பிரீதரால் ஒயில் போய்க்கொண்டேயிருக்கும். பிரீதர் குழாயை எயார் கிளீனர் பக்கம் இணைத்த எஞ்சினில் இது ஆபத்தும்கூட: உள்ளே இழுபடும் ஒயிலையே எரித்து டீசல் எஞ்சின் கட்டுப்பாடில்லாமல் வேகமெடுக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

உயரமும் முக்கியம். வேறு மொடல் கவர் என்றால் றொக்கர்களின்மேல் பிள்ளைகள் விளையாடும் களியை உருட்டி வையுங்கள். காஸ்கெற்றோடு கவரை வைத்து இரண்டு போல்றை மெல்லப் பூட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கிய களியின் தடிப்பு இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அந்தக் கவர் வேண்டாம்.

கழற்றுவது

எஞ்சின் முழுதாகக் குளிரவேண்டும். இரவு நிறுத்திக் காலையில் தொடங்குவது நல்லது. லொறியைச் சமதரையில் நிறுத்தி, ரயருக்குக் கட்டை போட்டு, கபினுக்குள் உருளக்கூடிய சாமான்களை எடுத்துவிட்டுக் கபினைச் சரியுங்கள். தாங்கு கம்பி அதன் பூட்டில் முழுதாக விழுந்ததா என்று கையால் தள்ளிப் பார்த்த பிறகே தலையை உள்ளே விடுங்கள். பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். ஹீற்றர் பிளக்குகளை இணைக்கும் தகட்டில் ஸ்பானர் பட்டால் பொறி பறக்கும்.

போல்றில் கைவைக்குமுன் கவரின் ஓரத்தைத் துப்புரவாக்குங்கள். இதில் அவசரப்படுகிறவர்களைத்தான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன். ஓரத்தில் ஒட்டியிருக்கும் புழுதி முழுவதும், கவர் தூக்கும் நேரம் பார்த்து, றொக்கர்களின்மேல் கொட்டும். அங்கிருந்து ஒயில் இறங்கும் துளைகளால் நேரே எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குப் போகும். முதலில் தட்டையான மரத்துண்டால் சுரண்டி, பிறகு டீசல் தூரிகையால் கழுவி, துடைத்து, கொம்பிறசர் காற்றால் ஊதுங்கள். எயார் கிளீனர் குழாயைக் கழற்றியிருந்தால் அதன் வாயில் துணி கட்டுங்கள்.

ஜப்பான் எஞ்சின்களில் சிறிய போல்றுக்கு 10 சொக்கெற்றும் அடுத்ததற்கு 12ம் போதும். டாட்டாவில் 12க்குப் பதிலாக 13 வேண்டியிருக்கும். நொசிலிலிருந்து திரும்பிப்போகும் மெல்லிய டீசல் குழாய் குறுக்கே நின்றால் கழற்றிவிட்டு, அதன் செப்பு வாசர்களைத் தூக்கி எறியுங்கள். பூட்டும்போது புதிதுதான். கனத்த நொசில் குழாய்களைத் தொடாமல் வேலை முடியுமென்றால் தொடவேண்டாம்.

போல்றுகளை ஒரே மூச்சில் கழற்றாதீர்கள். வெளிமுனைகளில் தொடங்கி நடுவுக்கு வந்து, ஒவ்வொன்றையும் அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். எந்தப் போல்ற் எந்தத் துளை என்பதை ஒரு மட்டையில் துளை போட்டுக் குத்திவையுங்கள். சில நீளமாக இருக்கும். கவர் ஒட்டிப்பிடித்தால் ஸ்குறூ டிறைவரை இடையில் செருகி நெம்பவேண்டாம். அந்தக் கீறல்தான் நாளைக்குக் கசிவு. பக்கத்தில் மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் விடும்.

கவர் வந்ததும் புஷ்றொட் துளைகளையும் ஒயில் துளைகளையும் நூல் உதிராத துணியால் அடையுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று கவரின்மேல் சோக்கட்டியால் எழுதுங்கள்.

திறந்த தலையைச் சும்மா மூடவேண்டாம்

உள்ளே தங்க மண்ணிறப் படலம் இருந்தால் எஞ்சின் நல்ல பராமரிப்பில் இருக்கிறது. தாராகக் கறுத்துத் தடித்திருந்தால் ஒயில் மாற்றுவதைப் பின்போட்டுப் பின்போட்டு ஓடியிருக்கிறது. வெண்ணெய்போல் வெளுத்த கூழ் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. குளிர்நாடுகளில் குறுந்தூரம் ஓடுவதாலும் அது வரும். நம்முடைய வெய்யிலில், பாரம் ஏற்றி ஓடும் லொறியில் வந்தால் எஞ்சின் தலைக்குக் கீழுள்ள ஹெட் காஸ்கெற்றைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

டப்பெற் இடைவெளியையும் (றொக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ளது) இப்போதே பாருங்கள். 4ஜேபி1க்கும் கன்ரரின் 4டி31, 4டி33க்கும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது உள்வால்வு, வெளிவால்வு இரண்டுக்கும் 0.40 மி.மீ. டாட்டாவுக்கு அதன் புத்தகத்திலுள்ள அளவை எடுங்கள். இவற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சின்களின் எரிவரிசை 1-3-4-2. முன்புல்லியின் நட்டில் ஸ்பானர் போட்டு எஞ்சினை ஓடும் திசையில் சுற்றி, புல்லியின் அடையாளத்தைச் சேர்த்து, முதலாம் சிலிண்டரின் இரண்டு றொக்கரும் தளர்ந்து ஆடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையில் 1இன் இரண்டு வால்வும், 2இன் உள்வால்வும், 3இன் வெளிவால்வும் பார்க்கலாம். இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றினால் 4இன் இரண்டும், 3இன் உள்வால்வும், 2இன் வெளிவால்வும். இடைவெளி அளக்கும் பீலர் தகடு இழுக்கும்போது இலேசாகப் பிடித்து வரவேண்டும். பூட்டுநட்டை இறுக்கிய பிறகு திரும்ப ஒருமுறை அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு ஓடிவிடும்.

கவரைக் கழுவுவதும் நிமிர்த்துவதும்

வெளிப்புறம் எல்லோரும் கழுவுவார்கள். உட்புறத் தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் இருக்கிற கசடுதான் நோயின் வேர். மண்ணெண்ணெய்யில் ஒரு இரவு ஊறவிட்டு, பிரீதர் வாயால் காற்று ஊதி, சூடான சவர்க்காரத் தண்ணீரால் இரண்டு மூன்று தரம் கழுவி, வெய்யிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். காய்ந்ததும் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் திரும்பக் கழுவவேண்டும். அலுமினியக் கவரைக் கோஸ்டிக் சோடாவில் போடாதீர்கள். அது அலுமினியத்தைத் தின்றுவிடும், எரியும் வாயுவும் கிளம்பும்.

மணல் அடித்துத் தாருங்கள் என்று கொடுப்பதற்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தடுப்புத் தகடு போல்றில் பூட்டியதாக இருந்து, அதைக் கழற்ற முடிந்தால் மட்டும் சரி. ஒட்டுவைத்த தகடு என்றால் அதன் பின்னால் மணல் புகுந்து ஒளிந்துகொள்ளும். எவ்வளவு கழுவினாலும் வராதது, எஞ்சின் சூடாகி ஒயில் தெறிக்கும்போது வெளியே வரும். மிஞ்சுவது பேரிங்கும் ஒயில் பம்பும் மாற்றுகிற செலவு. பழைய பெயின்றைக் கம்பித் தூரிகையாலும் பெயின்ற் ரிமூவராலும் எடுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

தகட்டுக் கவரில் போல்ற் துளைகளைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கும். கசிவு நிற்கட்டும் என்று காலாகாலமாக இறுக்கியதன் தழும்பு. கவரின் விளிம்பைக் கெட்டியான பாலைமரக் கட்டையில் வைத்து, அடிப்பக்கம் பிதுங்கிய இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டிச் சமப்படுத்துங்கள். யன்னல் கண்ணாடித் துண்டின்மேல் கவரை இருத்தி ஓரமெங்கும் பீலர் தகட்டால் துழாவினால் எங்கே தூக்குகிறது என்று தெரியும். 0.3 மி.மீ. தகடு நுழைகிற இடமெல்லாம் இன்னும் தட்டவேண்டும் என்பது என் கணக்கு. அலுமினியக் கவரைத் தட்டி நிமிர்த்த முடியாது. கண்ணாடியில் 240 வோட்டர் பேப்பரை ஒட்டி, கவரை எட்டுப்போல வளைத்து வளைத்துத் தேய்த்து அடிமுகத்தைச் சமமாக்குங்கள்.

நிறம்

எஞ்சின் ஓடும்போது கவரின் சூடு தண்ணீர் கொதிக்கிற சூட்டை அண்டி நிற்கும். யன்னல் கம்பிக்கு அடிக்கும் எனாமல் அதில் மஞ்சளாகி உரியும். சைலன்சருக்கு அடிக்கும் 600 பாகை பெயின்ற்தான் நல்லது என்று சிலர் அதை வாங்குவார்கள். அது இறுகவேண்டுமென்றால் கவர் ஒருபோதும் எட்டாத சூடு வேண்டும்; இறுகாமல் நின்றால் டீசல் பட்டவுடன் கரையும். தேவையானது எஞ்சின் எனாமல், அல்லது ரிங்கரிங் கடையில் லொறி உடம்புக்கு அடிக்கும் இரண்டு கலவைப் பெயின்ற். இரண்டாவது நீடித்து உழைக்கும். ஆனால் அதன் ஹார்டனர் புகை நுரையீரலுக்குக் கேடு. துணி கட்டினால் போதாது. சரியான மாஸ்க் இல்லாவிட்டால் அதை அடிக்கிற கடையிலேயே கொடுத்து அடியுங்கள்.

அலுமினிய யன்னல் சட்டங்களுக்குச் செய்வதுபோல் பவுடர் கோற் செய்யவும் கொடுக்கலாம். 180 முதல் 200 பாகை வரையான சூட்டு அடுப்பில் வேகவைப்பதால் இறுக்கமாக நிற்கும். வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் ஊறிய ஒயில் அந்தச் சூட்டில் கிளம்பிப் பொக்குளம் போடும். அதனால் பவுடர் தூவ முன்னர் ஒருதரம் வெறுமனே சூடேற்றி எடுக்கச் சொல்லுங்கள். றப்பரும் பிளாஸ்ரிக்கும் முதலே கழற்றியிருக்கவேண்டும். பிளாஸ்ரிக் கவர் என்றால் இந்த எண்ணமே வேண்டாம்.

எதை அடித்தாலும் காஸ்கெற் இருக்கும் முகம், போல்ற் வாசர் அமரும் வட்டம், ஏதும் எர்த் வயர் பூட்டும் இடம் மூன்றையும் ரேப் ஒட்டி மறையுங்கள். வாசருக்குக் கீழே பெயின்ற் இருந்தால் சூட்டில் நசுங்கிப் போல்ற் தானாகத் தளரும். பெற்றோலோ தின்னரோ தோய்த்த துணியால் கடைசியாக ஒருதரம் துடைத்த பிறகு விரல் படக்கூடாது. பெற்றோல் என்றால் நெருப்பு, சிகரெற் எதுவும் அந்தப் பக்கம் வேண்டாம். அலுமினியத்துக்கு எற்ச் பிறைமர் (பெயின்ற் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) அடிக்காமல் நேரே நிறம் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே உரியும். விடியற்காலையில், நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி, மெல்லிய பூச்சாக மூன்று தரம் அடியுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் கால்மணி நேரம். வழிய வழிய ஒரே தடவையில் அடித்தால் மேல் காய்ந்து உள் ஈரமாகவே கிடக்கும்.

நிறம் எது என்றால், வெள்ளிநிறம் அல்லது இளஞ்சாம்பல். சிவப்பும் வடிவுதான், ஒயில் தெரியும். கறுப்பு அடித்தால் நான் மேலே சொன்ன எல்லாம் வீண். சுருக்கம் விழுந்த மாதிரி வரும் ரிங்கிள் பெயின்ற் இப்போது நாகரிகம். நெளிவை மறைக்கும், படத்தில் எடுபடும். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் பாதையில் ஓடும் லொறிக்கு அது சரிப்படாது. அந்தச் சுருக்கங்களுக்குள் ஒயிலும் புழுதியும் இறங்கினால் பல்துலக்கும் தூரிகையோடு குந்தியிருக்க வேண்டியதுதான்.

வார்ப்புக் கவரில் எஞ்சின் கொம்பனியின் பெயர் மேலெழும்பிய எழுத்தில் இருந்தால் அதுவே நல்ல அலங்காரம். முழுவதையும் நிறம் அடித்துக் காயவிட்டு, தட்டையான மரக்கட்டையில் 400 வோட்டர் பேப்பரைச் சுற்றி, எழுத்தின் தலையை மட்டும் நீரோடு தேயுங்கள். பெயின்ற் போய் அலுமினியம் பளிச்சென்று தெரியும். பிறகு 800, 1200 என்று ஏற்றிக் கடைசியில் மெற்றல் பொலிஷ். வெறும் விரலில் பேப்பரைப் பிடித்துத் தேய்த்தால் ஓரங்களும் போய் எழுத்து கரைந்த மாதிரி ஆகும்.

"முருகன் துணை", பிள்ளைகளின் பெயர், வேல் என்று போடவிரும்புகிறவர்கள் ஸ்ரிக்கர் ஒட்டவேண்டாம்; சூட்டில் ஓரம் சுருண்டு தூக்கும். மட்டையில் வெட்டிய அச்சை வைத்து அதே பெயின்றின் இன்னொரு நிறத்தை அடியுங்கள்.

காஸ்கெற்றும் போல்றும்

தக்கைக் காஸ்கெற், றப்பர்க் காஸ்கெற் இரண்டில் உங்கள் கவருக்கு வந்தது எதுவோ அதையே போடுங்கள். பள்ளம் வெட்டிய கவருக்கு வார்த்த றப்பர்தான். தட்டை விளிம்புக்குத் தக்கை. கடையில் பலகாலம் கிடந்து காய்ந்த தக்கை சுருங்கியிருக்கும், துளை சேராது. கொஞ்சநேரம் தண்ணீரில் நனைத்து எடுத்தால் விரிந்துகொடுக்கும். தக்கையைக் கவர்ப்பக்கம் மட்டும் பசையால் ஒட்டி, எஞ்சின் பக்கம் வெறுமனே விடுங்கள். அடுத்தமுறை கழற்றும்போது சுரண்டுகிற வேலை மிச்சம்.

சிலிக்கன் ரியூப்பைப் பற்றிச் சண்டையே பிடிக்கலாம். சுற்றிவர மொத்தமாகப் பிதுக்கிப் பூட்டினால்தான் மனம் ஆறும் பாஸ்மார் இருக்கிறார்கள். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரிகிறது. அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது காய்ந்து உதிர்ந்து சம்பின் அடியில் ஒயில் இழுக்கும் வலையில் போய் அடைக்கும். அரைவட்டப் பிளக் வரும் மூலைகளிலும், எஞ்சின் தலையும் முன்பக்கத்து ரைமிங் கவரும் சேரும் கோட்டிலும் மட்டும் பயற்றம் பருப்பளவு வையுங்கள். வைத்தால் தோல்பிடிக்க முன், பத்து நிமிடத்துக்குள், கவரைப் பூட்டுங்கள்.

தோள் வைத்த (தண்டில் தடித்த படி உள்ள) போல்றுகளை மாற்றி மினுங்கும் வெறும் போல்ற் போடுவது அழகுக்காரர்கள் வழமையாக விடும் பிழை. அந்தத் தோள்தான் காஸ்கெற் எவ்வளவு நசுங்கலாம் என்று எல்லை வைக்கிறது. பழைய போல்றுகளையே கம்பித் தூரிகையால் துலக்கிப் பாவியுங்கள். அவற்றின் றப்பர் வாசர்களை மட்டும் புதிதாக்குங்கள்.

பூட்டுவது

அடைத்த துணிகளை எடுத்து எண்ணுங்கள். எஞ்சின் தலையின் முகத்தைத் தின்னர் துணியால் துடைத்து உலரவிட்டு, கவரை நேராக இறக்குங்கள். எல்லாப் போல்றையும் விரலாலேயே பிடிக்கவைத்த பிறகுதான் ஸ்பானர். நடுவில் தொடங்கி, குறுக்கு மறுக்காக வெளிமுனைகளுக்குப் போய், மூன்று சுற்றில் இறுக்குங்கள். எஞ்சின் புத்தகத்தில் உள்ள அளவுதான் சட்டம். அது கையில் இல்லாவிட்டால், 6 மி.மீ. போல்றுக்கு 8 நியூட்டன் மீற்றரைத் தாண்டாதீர்கள். ரோர்க் ஸ்பானர் இல்லாதவர்கள் றச்செற்றின் பிடியை விட்டுவிட்டு அதன் தலையைக் கைக்குள் பிடித்து இறுக்கினால் கை மிஞ்சாது. தக்கை ஓரத்தால் நாக்கு நீட்டினால் ஏற்கனவே கூடிவிட்டது.

பிரீதர் குழாயைப் பூட்டுமுன் ஊதிப் பாருங்கள். செப்பு வாசர்கள் புதிது. நொசில் குழாயைக் கழற்றியிருந்தால் கைப்பம்பால் டீசலை ஏற்றி, நொசில்பக்க நட்டுகளைத் தளர்த்தி, ஸ்ராற்றரைச் சுற்றிக் காற்றை எடுத்து இறுக்குங்கள். டீசல் பீறும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அதற்கு ஆஸ்பத்திரிதான் வைத்தியம்.

ஸ்ராற் செய்து, சூடேறும்வரை மெதுவாக ஓடவிட்டு, ரோச்சோடு சுற்றிவரப் பாருங்கள். புதுப் பெயின்ற் முதல்நாள் கொஞ்சம் மணக்கும். நீலப்புகையோடு ஒயில் கருகும் மணம் வந்தால் சைலன்சர் மனிபோல்டில் சொட்டுகிறது. உடனே நிறுத்துங்கள், நெருப்புப் பிடிக்க அது போதும். தக்கை போட்டவர்கள் எஞ்சின் முழுதாகக் குளிர்ந்த பிறகு அடுத்தநாள் காலையில் ஒருதரம், அதே வரிசையில், தளர்ந்த அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். றப்பரும் தோள் போல்றும் என்றால் அதுவும் தேவையில்லை. பிறகு ஒவ்வொரு தடவை கபின் சரிக்கும்போதும் வெள்ளைத் துணியால் கவரின் கீழோரத்தைத் துடைத்துப் பார்த்தால் போதும்.

கழற்றிய பழைய காஸ்கெற் முழுதாக வந்திருந்தால் எறியாதீர்கள். மட்டையில் வைத்துக் கோடு கீறி அச்சு எடுத்து, எஞ்சின் எண்ணையும் எழுதிக் கராச் சுவரில் தொங்கவிடுங்கள். நெடுங்கேணியிலோ துணுக்காயிலோ பாரத்தோடு நிற்கும்போது காஸ்கெற் கிழிந்தால், ஹாட்வெயர் கடைத் தக்கைத் தாளை அந்த அச்சுக்கு வெட்டிப் பூட்டிக்கொண்டு வீடு வரலாம்.